புது பிராண்டுக்குப் பெட்டி அடிப்பதற்கு முன்

முகத்துக்குப் போடும் சீரம் ஒன்றை 30 மில்லி கண்ணாடிப் புட்டியில், டிராப்பர் மூடியோடு, சொந்தப் பெயரில் விற்கப் போகிறீர்கள். பெயர் அச்சிட்ட பெட்டி முதல் கட்டமாக 500 வேண்டும். அச்சகத்தில் போய்க் கேட்டால் "என்ன போர்டு, எத்தனை ஜி.எஸ்.எம்., மேட்டா கிளாஸா, ஃபாயில் உண்டா" என்று அவர்கள் உங்களையே கேட்கிறார்கள். (போர்டு என்பது பெட்டி செய்யும் அட்டை, ஜி.எஸ்.எம். அதன் எடைக் கணக்கு, மேட் என்பது மினுங்காத பரப்பு, கிளாஸ் பளபளப்பு, ஃபாயில் அச்சில் பதிக்கும் மின்னும் உலோகப் படலம்.) எதை வைத்து முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த நாலு கேள்விக்கும் இப்போதைக்குப் பதில் சொல்லாதீர்கள். அவையெல்லாம் பின்னால் வர வேண்டியவை. பெட்டி அச்சு வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். வீணாய்ப் போன பெட்டிகளில் பெரும்பாலானவை நிறம் பிடிக்காமல் வீணானவை அல்ல, அளவிலும் அடிப்பாகத்திலும் தப்பு நடந்து வீணானவை. அதனால் முதலில் மூன்று பொருளைக் கையில் எடுங்கள்: நிரப்பி மூடிய உங்கள் புட்டி, மி.மீ. கணக்கில் துல்லியமாக அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பர், எதுவும் அச்சிடாத ஒரு வெள்ளைப் பெட்டி. அச்சுத் தொழிலில் இதை டம்மி என்போம். எந்த போர்டில் பெட்டி வரப்போகிறதோ அதே போர்டில் ஒன்றிரண்டு டம்மி வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். சாம்பிள் வெட்டும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன வேலை. டம்மி தர மறுக்கிற இடத்தில் ஆர்டர் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அளவு எடுக்கும்போது புட்டியைக் காலியாக அளக்காதீர்கள். லேபிள் ஒட்டி, மூடியை முழுக்கத் திருகி, சீல் போட்ட நிலையில் அளக்க வேண்டும். உங்கள் புட்டி 33 மி.மீ. விட்டம், ரப்பர் நுனிவரை 103 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் உள்ளளவு 35 × 35 × 105 என்று போடலாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு மி.மீ. இடைவெளி, மேலே இரண்டு. இதற்குமேல் தாராளம் காட்டினால் புட்டி உள்ளே ஆடும். அளவை எப்போதும் நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில் எழுதி, பக்கத்தில் "உள்ளளவு" என்று குறித்துவிடுங்கள். பெட்டியின் வாயில் நீளமான பக்கம் நீளம், குட்டையான பக்கம் அகலம், வாயிலிருந்து அடிவரை உயரம். வரிசை மாறினால் திறக்கும் பக்கமே மாறிவிடும்.

சரி, டம்மி வந்துவிட்டது. புட்டியைப் பெட்டியின் வாயருகே பிடித்துக் கையை விடுங்கள். உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வழுக்கி இறங்கினால் அளவு சரியாக இருக்கிறது. டொக்கென்று விழுந்தால் பெரிது. பாதியில் நின்றுவிட்டால் லேபிள் ஓரம் உரசுகிறது. ஆயிரம் புட்டி அடைக்கும்போது அந்த ஓரம் கிழியும். அப்புறம் மூடியைச் சொருகிவிட்டு காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கண்ணாடி போர்டில் மோதும் சத்தம் கேட்டால், வாங்குபவர் காதுக்கும் அது கேட்கும், அது மலிவான சத்தம். கடைசியாக, பெட்டியை மேல்பக்கம் மட்டும் பிடித்துத் தூக்கி, கையைக் கொஞ்சம் வேகமாக ஆட்டுங்கள். அடிமூடி திறந்து புட்டி வெளியே வருகிறதா என்று பார்க்கத்தான் இது.

கண்ணாடிப் புட்டிக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் முக்கியம். மேலும் கீழும் வெறும் நாக்கைச் சொருகி மூடும் பெட்டி டியூபுக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கும் போதும். கனமான கண்ணாடிக்கு அடியில் பூட்டு வேண்டும். நாலு மடலையும் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து மூடும் ஸ்நாப் லாக் ஒரு வகை. பெட்டியைக் கையால் விரித்ததுமே அடி தானாகப் பூட்டிக்கொள்ளும் ஆட்டோ லாக் இன்னொரு வகை. ஆட்டோ லாக்குக்கு ஒட்டும் செலவு கூடுதல். ஆனால் நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடைக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு பெட்டிக்கு ஏழெட்டு விநாடி மிச்சம் என்பது ஐந்நூறுக்கு ஒரு மணி நேரம். மேலும் கீழும் நாக்கு சொருகும் பெட்டியாகவே எடுப்பவர்களுக்கு ஒன்று: இரண்டு நாக்கும் பின்பக்கமாக மடியும் அமைப்பில் முன்முகத்தில் வெட்டு விளிம்பு தெரியாது, பார்க்க அழகு. மேல்நாக்கு ஒரு பக்கமும் கீழ்நாக்கு மறுபக்கமும் மடியும் அமைப்பு தாளில் நெருக்கமாக உட்காரும், போர்டு மிச்சமாகும்.

வெட்டும் மடிப்பும் ஒரே அழுத்தத்தில் விழுவதற்கு ஒரு டை தேவை. பலகையில் பதித்த உலோகப் பட்டைகள்தான் டை: உயரமான கூர்ப்பட்டை வெட்டும், அதைவிடத் தாழ்ந்த மழுங்கிய பட்டை மடிப்புக் கோடு போடும். இந்த யோசனை பிறந்தது ஒரு தப்பிலிருந்து. 1879-ல், நியூயார்க்கில் ராபர்ட் கெய்ரின் காகிதப்பை ஆலையில், மடிப்புப் போட வேண்டிய உலோகப் பட்டை இடம் நகர்ந்து பைகளை வெட்டித் தள்ளிவிட்டது. வெட்டையும் மடிப்பையும் ஒரே அடியில் செய்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது அதைப் பார்த்துத்தான். இன்று உங்கள் பெட்டி தட்டையாக வந்து இறங்குவதும், அடைக்கும்போது மட்டும் விரிவதும் அந்த வழியில் வந்தவைதான். உங்களுக்கு இதில் வேண்டிய விஷயம் ஒன்று: டைக்கு நீங்கள் தனியாகக் காசு கொடுக்கிறீர்கள் என்றால் அது யாருடையது, அடுத்த ஆர்டர்வரை பத்திரமாக வைத்திருப்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது போர்டுக்கு வருவோம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் போர்டின் எடை, கிராமில். அது தடிமனும் இல்லை, விறைப்பும் இல்லை. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். முழுக்க வெளுத்த கூழில் செய்த எஸ்.பி.எஸ். போர்டு உள்ளும் புறமும் வெள்ளை. அச்சும் எம்பாஸிங்கும் (எழுத்தையோ படத்தையோ மேடாகப் புடைக்க வைப்பது) அதில் அருமையாக வரும். நடுவில் இயந்திரக் கூழும் வெளியே வெளுத்த கூழுமாக அடுக்கிய எஃப்.பி.பி. போர்டு அதே எடையில் இன்னும் பருமனாகவும் விறைப்பாகவும் இருக்கும். அதனால் கொஞ்சம் குறைந்த ஜி.எஸ்.எம்.மிலேயே வேலை முடிந்துவிடும். டூப்ளெக்ஸ் போர்டு மறுசுழற்சிக் கூழில் வருவது, முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் பெரும்பாலும் சாம்பல். விலை குறைவு. ஆனால் மூடியைத் திறந்ததும் உள்ளே சாம்பல் தெரியும். முகத்துக்கான சீரத்துக்கு அந்தச் சாம்பல் பொருந்தாது என்று நினைக்கிறேன். இயந்திர உதிரிபாகம் விற்பவருக்கு நான் தயங்காமல் டூப்ளெக்ஸையே சொல்வேன். வெளுக்காத கூழில் வரும் பழுப்பு கிராஃப்ட் போர்டு பிடிக்கும் என்றால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: அதில் எந்த நிறமும் பழுப்போடு கலந்து மங்கித்தான் விழும். திரையில் பார்த்த இளஞ்சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். கறுப்போ, அடியில் வெள்ளை மை போட்ட நிறமோதான் கிராஃப்டில் எடுபடும்.

உங்கள் புட்டி அளவுக்கு 300 முதல் 350 ஜி.எஸ்.எம். சரியாக இருக்கும். கூட்டினால் கெளரவம் கூடும் என்று 400-க்குப் போக வேண்டாம். 35 மி.மீ. அகலமுள்ள சின்னப் பெட்டியில் கனத்த போர்டு மடிப்பில் வெடிக்கும், நாக்கு சொருகவே அடம்பிடிக்கும். போர்டின் நார் ஓடும் திசையையும் கேளுங்கள். இப்படி உயரமான பெட்டியில் நார் பெட்டியைச் சுற்றி, அதாவது நிமிர்ந்த மடிப்புகளுக்குக் குறுக்காக ஓட வேண்டும். நீளவாக்கில் போட்டுவிட்டால் முகங்கள் தொப்பை போட்டது போல வெளியே உப்பும். தாள் மிச்சம் பிடிக்க அச்சகம் இதைத் திருப்பிப் போடுவது உண்டு. ரசீதில் தெரியாது, பெட்டியை அலமாரியில் வரிசையாக நிறுத்தும்போது தெரியும்.

இங்கே ஒரு கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்டி எங்கே வாழப் போகிறது? கடை அலமாரியிலா, கூரியர் மூட்டையிலா? இந்த அச்சுப் பெட்டி அழகுக்கும் தகவலுக்கும் உள்ளது, அடிதாங்குவது அதன் வேலையல்ல. கூரியரில் அனுப்ப, நடுவில் அலை போல நெளிந்த தாள் வைத்த நெளிபோர்டில் செய்த வெளிப்பெட்டி தனியாக வேண்டும். நெளியின் உயரத்தை வைத்து அதற்குப் பெயர்: இ ஃப்ளூட் சுமார் 1.5 மி.மீ., பி ஃப்ளூட் 3 மி.மீ. அளவு, சி ஃப்ளூட் 4 மி.மீ. அளவு. ஒன்றிரண்டு புட்டி போகும் மெயிலர் பெட்டிக்கு மூன்று ப்ளை (மூன்று அடுக்குத் தாள்) இ ஃப்ளூட் போதும். டஜன் கணக்கில் அடுக்கிக் கடைக்கு அனுப்பும் பெட்டிக்குப் பி அல்லது சி.

வெளிப்பெட்டியின் அளவில் இறுக்கமாக இருங்கள். நிறையக் கூரியர் நிறுவனங்கள் எடையோடு கன அளவையும் பார்க்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 20 × 15 × 10 பெட்டி என்றால் 3000, வகுத்தால் 0.6 கிலோ. உள்ளே இருப்பது 150 கிராம்தான், கட்டணம் 600 கிராமுக்கு. அதையே 14 × 10 × 6 என்று சுருக்கினால் 840, வகுத்தால் 170 கிராம்கூட வராது. ஒவ்வொரு அனுப்புதலிலும் இந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும்.

அனுப்பும் முன் போட்டுப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். போக்குவரத்துப் பாதுகாப்புக்காக உள்ள இஸ்டா அமைப்பின் 1ஏ சோதனையில் ஒரு பெட்டி பத்து முறை விழ வேண்டும்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பு, ஆறு முகம். லேசான பெட்டிக்கு உயரம் 76 செ.மீ. கிட்டத்தட்ட ஒரு மேசை உயரம். உங்கள் வீட்டுத் தரையிலேயே செய்யலாம். பத்தாவது விழுதலுக்கு அப்புறமும் டிராப்பரின் கண்ணாடிக் குழாய் முழுசாக இருந்தால் நிம்மதியாக அனுப்பலாம்.

எண்ணிக்கையைப் பற்றி. ஆஃப்செட் என்பது ப்ளேட் வைத்து அடிக்கும் அச்சு முறை. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ப்ளேட், மெஷினைச் சரிப்படுத்தவே ஒரு கட்டுத் தாள் கழியும். அந்த ஆரம்பச் செலவு 500 பெட்டிக்கும் அதேதான், 10,000 பெட்டிக்கும் அதேதான். டிஜிட்டல் அச்சில் ப்ளேட் கிடையாது, அதனால் சில நூறுக்கு அதுவே கட்டும். இரண்டு முறைக்கும் 500, 1000, 3000 என்று மூன்று எண்ணிக்கைக்கு விலை கேளுங்கள். எந்த இடத்தில் ஆஃப்செட் மலிவாகிறது என்பது தானாகத் தெரியும். ஆனால் ஒரு பெட்டியின் விலை இறங்குகிறதே என்று முதல் தடவையே 5000 அடிக்காதீர்கள். முதல் ஆறு மாதத்தில் மூலப்பொருள் பட்டியல் மாறும், முகவரி மாறும், ஒரு வாசகத்தைத் திருத்தச் சொல்லி விதி வரும். மாறிய வாசகத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தனை உழைத்த பொருளுக்கு அது நியாயமாக இல்லை.

நிறத்தில் எல்லோரும் ஏமாறும் இடம் திரை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால். மின்னும் பச்சையும் ஊதாவும் சி.எம்.ஒய்.கே. எனும் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நாலு மையில் எட்டாது. உங்கள் பிராண்டுக்கென்று ஒரே ஒரு நிறம் உண்டு, அது ஒவ்வொரு ஆர்டரிலும் மாறாமல் வர வேண்டும் என்றால் அதைத் தனி மையாக, பேன்டோன் எண்ணோடு கொடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் வைத்த நிறப்பட்டியல்தான் பேன்டோன். டிஃப்பனி நகை நிறுவனத்தின் நீலப்பச்சைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்கு அவர்கள் நிறுவனம் தொடங்கிய 1837-ஐயே எண்ணாக வைத்துப் பேன்டோனில் தனி நிறம் உண்டு. நமக்கு அந்த அளவு வேண்டாம். ஆனாலும் ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது பலன் தரும். டிஜிட்டலில் தனி மை பெரும்பாலும் கிடைக்காது, நாலு மையில் நெருங்கி வருவார்கள். அதனால் டிஜிட்டலில் தொடங்கப் போகிறவர் நாலு மையில் நன்றாக வரக்கூடிய நிறத்தையே பிராண்டுக்குத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முன்முகத்தில் பெயர், பொருள் இன்னது, அளவு இவ்வளவு. இது மூன்றும் கை நீட்டும் தூரத்தில் படிக்க வர வேண்டும். ஜனங்கள் பெட்டியைப் படித்து அல்ல, அடையாளம் கண்டு எடுக்கிறார்கள். 2009-ல் டிராபிகானா தன் பழச்சாறுப் பெட்டியில் உறிஞ்சுகுழல் குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டுப் புது வடிவம் போட்டது. வாங்குபவர்கள் அடையாளம் தெரியாமல் குழம்பி எதிர்ப்புக் கிளம்ப, இரண்டு மாதத்துக்குள் பழையதற்கே திரும்பிப் போவதாக அறிவித்தது. நீங்கள் புதிதாகத் தொடங்குபவர், உங்களுக்கு இழக்க எதுவும் இல்லை. ஆனால் இன்று தேர்ந்தெடுக்கும் அந்த ஓர் அடையாளத்தோடு பல வருடம் வாழ வேண்டியிருக்கும்.

அப்புறம்தான் மேட்டா, கிளாஸா, ஃபாயிலா என்பது. மேட் லேமினேஷன், அதாவது மேலே ஒட்டும் மெல்லிய மினுங்காத பிளாஸ்டிக் ஃபிலிம், கறுப்பில் மிக அழகாக இருக்கும், ஒரு நாள்வரை. இருண்ட நிறத்து மேட்டில் நகம் பட்டாலும் வெள்ளைக் கோடு விழும். பெட்டியும் பெட்டியும் வழியில் உரசி வந்தால் மூலைகள் எல்லாம் நரைத்துப் போயிருக்கும். கறுப்பு வேண்டுமென்றால் கீறல் தாங்கும் மேட் ஃபிலிம் கேளுங்கள், அல்லது நிறத்தை வெளிறியதாக மாற்றுங்கள். மாதிரி இரண்டை எடுத்து முகத்தோடு முகம் வைத்து ஐம்பது முறை தேய்த்துப் பாருங்கள், அச்சகத்திலேயே, அவர்கள் முன்னாலேயே. தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷ் பூச்சு ஃபிலிமைவிட மலிவு, பெட்டியும் காகிதத்தோடு காகிதமாக மறுசுழற்சிக்குப் போகும்; பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டிய பெட்டி அவ்வளவு சுலபமாகப் போகாது. குளியலறையில் வைக்கும் பொருள், ஈரக்கை படும் என்றால் ஃபிலிமுக்குக் காரணம் இருக்கிறது. ஃபாயில், எம்பாஸிங், ஸ்பாட் யு.வி. (ஓர் இடத்தில் மட்டும் பூசும் பளபளப்பு வார்னிஷ்) மூன்றில் ஒன்றை எடுத்து ஓர் இடத்தில் மட்டும் போடுங்கள். மெல்லிய கோட்டுக்கும் குட்டி எழுத்துக்கும் ஃபாயில் வேண்டாம், இடுக்குகள் அடைத்துக்கொள்ளும். பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டு மரத்தில் வந்த காகிதம் என்று காட்டும் எஃப்.எஸ்.சி. முத்திரை போட ஆசைப்பட்டால், அந்தச் சான்றிதழ் உள்ள அச்சகம் வழியாகத்தான் போட முடியும், படத்தை இறக்கி நீங்களே ஒட்டக் கூடாது.

ஒட்டும் மடலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பெட்டியின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நீளும் பட்டை அது. மற்றொரு முகத்தின் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அதில் மையோ வார்னிஷோ இருந்தால் பசை போர்டுக்குள் இறங்காது. ஒரு முறை எங்களிடம் வந்த ஆர்ட்வொர்க்கில் பின்னணி நிறத்தை அந்த மடல்வரை இழுத்து நிரப்பியிருந்தார்கள், மேலே வார்னிஷும் போனது. ஒட்டியபோது எல்லாம் பிடித்த மாதிரிதான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து, வெயில் படும் கிடங்கில், அடுக்கில் இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக முதுகு பிளந்து திறந்துகொண்டன. விரலால் அந்தப் பசையை நெருடினால் கண்ணாடிக் காகிதம் போல முழுசாக உரிந்து வந்தது. அடியில் போர்டின் நார் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. நல்ல ஒட்டு என்றால் பிரிக்கும்போது நார் கிழிய வேண்டும். உங்கள் பெட்டி வந்ததும் ஒன்றை இப்படிப் பிரித்துப் பாருங்கள். மடிப்பிலிருந்து உள்ளே 3 மி.மீ. வரை நிறம் வரட்டும், மீதி வெறும் போர்டாக இருக்கட்டும்.

அதேபோல பேட்ச் எண்ணும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) தேதியும் அடிக்கும் இடத்தில் வார்னிஷோ ஃபிலிமோ இருந்தால் இங்க்ஜெட் மை வழித்துக்கொண்டு வரும். வார்னிஷ் என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பூசலாம்; ஃபிலிம் என்றால் அதன்மேல் பிடிக்கும் மையா என்று முன்பே அடித்துப் பார்க்க வேண்டும்.

ஆர்ட்வொர்க் அனுப்பும்போது டைலைனை, அதாவது வெட்டும் மடிப்பும் காட்டும் கோடுகளை, தனி அடுக்கில், தனி நிறத்தில் வைத்து அனுப்புங்கள். வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நிறம் நீளட்டும், எழுத்து எதுவும் வெட்டிலிருந்தோ மடிப்பிலிருந்தோ 3 மி.மீ.க்குள் வர வேண்டாம். படங்கள் அச்சு அளவிலேயே 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்தில் 300 புள்ளி) இருக்கட்டும். சின்ன கறுப்பு எழுத்து ஒரே கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நாலு மையில் போட்டால் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். பார்கோடு, கடைகளில் வழக்கமான 13 இலக்க இ.ஏ.என்-13 என்றால் முழு அளவு 37.29 × 25.93 மி.மீ., அதை 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. 35 மி.மீ. முகத்தில் முழு அளவு உட்காராது. 80 சதவீதம் என்றால் 29.83 மி.மீ., உட்காரும். கோடுகளின் இரு பக்கமும் காலி இடம் விடுவது அந்த அளவிலேயே சேர்த்தி, அதில் எதையும் வைக்காதீர்கள். சிவப்புக் கோட்டில் பார்கோடு போடவே போடாதீர்கள். பெரும்பாலான ஸ்கேனர் சிவப்பு ஒளியில் படிக்கிறது, அதன் கண்ணுக்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்று.

அச்சிடும் முன் ஒப்புதலுக்குத் தரும் மாதிரியான புரூஃபைத் திரையில் பார்த்துச் சரி என்று எழுதிவிடாதீர்கள். தாளில் எடுத்து, வெட்டி, மடித்து, புட்டியை உள்ளே வைத்து, நாலு பக்கமும் திருப்பிப் படியுங்கள். தட்டையில் நேராக இருந்த வாசகம் மடித்ததும் தலைகீழாக நிற்பதை அப்போதுதான் காண்பீர்கள். பொருளை இதுவரை பார்க்காத ஒருவரிடமும் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

விலை கேட்டு எழுதும்போது இவ்வளவு போதும்: உள்ளளவு, அடிப்பூட்டு வகை, போர்டின் பெயரும் ஜி.எஸ்.எம்.மும், நிறங்கள், பூச்சு, எண்ணிக்கை, ஒட்டித் தட்டையாகத் தர வேண்டும் என்பது. மூன்று அச்சகத்துக்கும் ஒரே வாசகத்தை அனுப்பினால்தான் விலையை ஒப்பிட முடியும். எண்ணிக்கையில் பத்து சதவீதம் கூடவோ குறையவோ வருவது அச்சுத் தொழிலில் பல இடங்களிலும் உள்ள வழக்கம். குறைந்தால் உங்களுக்கு ஆகாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரக்கு வந்து இறங்கியதும் மேலே இருக்கும் கட்டைப் பிரிக்காதீர்கள், நடுக்கட்டிலிருந்து பத்துப் பெட்டி உருவுங்கள். நிறத்தைக் கையெழுத்துப் போட்ட புரூஃபோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள், ஒட்டைப் பிரித்துப் பாருங்கள், புட்டியை உள்ளே விடுங்கள். மீதிக் கட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், ஈரமில்லாத இடத்தில், படுக்க வைத்து அடுக்குங்கள். போர்டு ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிட்டால் அடைக்கும்போது நாக்கு சொருகாது. ஒட்டிய பெட்டியை வருடக்கணக்கில் தட்டையாகவே வைத்திருந்தால் மடிப்பு விறைத்து விரியவும் மறுக்கும். ஆறு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் அடித்துக்கொள்ளுங்கள்.